கைப்பிடி அரிசி

கயத்தாறில் பஸ் மாறி ஏறியதிலிருந்து பியூலா ஒன்றும் கேட்கவில்லை. சன்னல் கம்பியில் கன்னத்தைச் சாய்த்து, காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உடைமரக் காடும் காற்றாலைகளும் பின்னால் ஓடுவதைப் பார்த்தபடி வந்தாள். கேட்டால் சொல்வதற்கு ஜெபக்கனி ஒரு பதில் வைத்திருந்தாள். ஒரு வாரமாக அடுப்படியிலும் குழாயடியிலும் அதை வாய்க்குள் உருட்டி உருட்டிக் கூரெல்லாம் மழுக்கி வைத்திருந்தாள். பெரியம்மா வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வா பிள்ள, அங்க டிவி இருக்கு, மாடியில ஊஞ்சல் இருக்கு. டிவி இருப்பது நிஜம். ஊஞ்சல் இருப்பதும் நிஜம். கொஞ்ச நாள் என்பது மட்டும்தான் பொய். இவ்வளவு நிஜத்துக்கு நடுவில் இரண்டே இரண்டு சொல் பொய்யாக இருந்தால் ஆண்டவர் அதை எந்தக் கணக்கில் வைப்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. பியூலாவின் தலை கம்பியில் முட்டியது. "வலிக்காட்டி?" என்றாள். "இல்லம்மா" என்றாள் பிள்ளை, திரும்பாமலே. எட்டு வயசுப் பிள்ளைக்குத் தலை முட்டினால் வலிக்கத்தானே செய்யும். அவள் அண்ணன் ஜோயலாக இருந்தால் கத்தின கத்தலில் இந்நேரம் பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கும். இது பொம்பளையாட்களுக்குக் காசு கேட்காத டவுன் பஸ். கோவில்பட்டியிலிருந்து நேராகத் திருநெல்வேலி போகிற பஸ்ஸுக்குத் துட்டு வேணும் என்பதால் டவுன் பஸ்ஸாகப் பார்த்து மாறி மாறி வந்துகொண்டிருந்தாள். கண்டக்டர் சும்மா கிழித்துக் கொடுத்த இரண்டு சீட்டும் உள்ளங்கை வேர்வையில் நைந்துபோயிருந்தன. அரசாங்கத்தை ஒரேயடியாகக் குறை சொல்லிவிடவும் முடியாது. பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வர வழிச்செலவு இல்லாமல் பண்ணியிருக்கிறது.

அவள் புருஷன் ஆசீர்வாதம் இன்று காலையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அவர்கள் கிளம்பும்போதுதான் பம்பை எடுத்தான். முன்சக்கரத்துக்கு அடித்தான், பின்சக்கரத்துக்கு அடித்தான், மறுபடி முன்சக்கரத்துக்கு வந்தான். டயர் கல் மாதிரி இருந்தது. "அப்பா, போய்ட்டு வாரேன்" என்று பியூலா போய் நின்றபோது குனிந்தபடியே "ம், ம்" என்றான். பம்பின் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அவனைக் கோபிக்க அவளால் முடியவில்லை. கோபித்தால் கொஞ்சம் இலேசாக இருக்கும், ஆனால் முடியவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் போர்மேனாக இருந்தவன். அந்தப் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். சட்டை மடிப்புக் கலையாமல் போய்வந்தவன். அவளும் கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் பெட்டிக்குக் குச்சி அடைத்துக்கொண்டிருந்தாள். சீனா லைட்டர் வந்தது, மிஷின் தீப்பெட்டி வந்தது, கைவேலை ஆபீஸ் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடியது. மூடிய அன்று முதலாளியே கண்கலங்கி, கிட்டங்கியில் கிடந்த தீப்பெட்டியையெல்லாம் ஆளுக்கு ஒரு பண்டல் தூக்கிக் கொடுத்தார். அது இன்னும் பரண்மேல் இருக்கிறது. அவர்கள் வீட்டில் நெருப்புக்கு மட்டும் பஞ்சமே வராது. உலை வைப்பதற்கு ஒன்றும் இல்லாத நாளிலும் பழக்கத்தில் கை ஒரு குச்சியை உரசிப் பார்க்கும், பிறகு ஊதி அணைக்கும். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டு பியூலா வாசலில் நின்றாள். பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை.

"நமக்கு எதுக்குட்டி அவனுவ தயவு?" என்பான் ஆசீர்வாதம், அரசாங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால். "மேல கர்த்தர் இருக்காரு. கீழ கூடப்பொறந்ததுவ இருக்கு. நடுவுல ஒருத்தன்ட்டயும் கைநீட்ட வேண்டாம்." கைநீட்டிப் பார்த்ததில் பட்ட சூட்டில் பேசுகிறான் என்று அவளுக்குத் தெரியும். அவன் அண்ணன் குடும்பத்தோடு ஒரே ரேஷன் கார்டாக இருந்தது. பிரித்துத் தனிக்கார்டு வாங்கலாம் என்று போனார்கள். அங்கே பேரை எடுத்துவிட்டார்கள், இங்கே பேர் ஏறவில்லை. கேட்கப் போன இடத்திலெல்லாம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்கள், அதில் அவர்கள் நால்வரும் இல்லை. அந்த வீட்டிலும் இல்லை, இந்த வீட்டிலும் இல்லை, எந்த வீட்டிலும் இல்லை. ஒரு திங்கட்கிழமை அவனுக்குத் தெரியாமல் கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு போனாள். வாசலில் நின்ற பெண் போலீஸ், மனு என்ன ஏது என்று கேட்கவில்லை. பையிலிருந்த தண்ணி பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, மோந்து பார்த்தது. "தப்பா நெனைக்காதீங்கக்கா. யாராவது மண்ணெண்ணெய கொண்டாந்து மேல ஊத்திக்கிடுதாங்க, அதான்" என்றது, பாவம், நல்ல பிள்ளை, தங்கச்சி வயசிருக்கும். தண்ணிதான். தண்ணி என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த நிமிஷம் நெஞ்சு திக்குதிக்கென்று அடித்துக்கொண்டது, கொண்டுவராததைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டதுபோல. ஏன் அடித்துக்கொண்டது என்பதை அவள் அதற்குமேல் யோசிப்பதில்லை. யோசனை அந்தப் பக்கம் போகப் பார்த்தால் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று வாய் தானாக முணுமுணுக்கும். மனுவை வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான். அன்றைக்கிருந்து தண்ணி குடிக்கும் முன்பு ஒருதரம் மோந்துவிட்டுத்தான் குடிக்கிறாள்.

பஸ்ஸில் முன்சீட்டுக்காரி மடியில் ஒரு அரிசிப்பையை வைத்திருந்தாள். புழுங்கல். வாசம் வந்தது. அரிசி வாசத்தை இவ்வளவு தூரத்திலிருந்து பிடிக்கிற மூக்கு போன வருஷம் அவளுக்கு இல்லை. சபையில் கைப்பிடி அரிசி என்று ஒன்று உண்டு. சோறு பொங்கும்போது ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவைத்து மாதக் கடைசியில் கோயிலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இல்லாதவர்களுக்குப் போகும். அவள் வீட்டு டப்பா ஒரு மாதம்கூட வெறுமையாகப் போனதில்லை. அந்த இல்லாதவர்கள் யார் என்று அவள் ஒருநாளும் முகம் வைத்து யோசித்ததில்லை. எங்கேயோ இருக்கிறவர்கள் என்றுதான் நினைத்திருந்தாள். ஆபீஸ் மூடிய பிறகு ஒரு சாயங்காலம் போதகரின் மனைவி ஐயரம்மாவும் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் இரண்டு பேரும் ஓலைப்பெட்டியோடு பின்வாசல் வழியாக வந்தார்கள். முன்வாசல் வழியாக வரக்கூடாது என்று தோன்றியிருக்கிறது, அந்த மட்டுக்கும் அவர்களுக்கு மனசு இருந்தது. முழங்கால் போட்டு ஜெபித்தார்கள். ஐயரம்மா உள்ளபடியே அழுதாள். அந்த அரிசியைப் பொங்கினால் ஒரு பதத்தில் வேகாது. ஒரு வீட்டுப் பச்சரிசி குழைந்துபோகும், ஒரு வீட்டுப் புழுங்கல் விறைத்துக்கொண்டு நிற்கும், நடுவில் யாரோ போட்ட சிவப்பரிசி பல்லில் கடிபடும். சாப்பிடச் சாப்பிட, இது எஸ்தர் வீட்டது, இது டீச்சர் வீட்டது என்று நாக்கு ஆள் ஆளாகத் தொட்டுப் பார்க்கும். அந்த அரிசி இல்லாவிட்டால் அவர்கள் நால்வரும் இந்தச் சித்திரையைத் தாண்டியிருக்க மாட்டார்கள், அது சத்தியம். நன்றி இருக்கிறது. ஆனால் நன்றியும் தொண்டையில் விறைத்துக்கொண்டு நிற்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பிறகு சபையிலும் டப்பாக்கள் காலியாக வர ஆரம்பித்தன. மூடினது ஒரு ஆபீஸ் இல்லையே. ஆசீர்வாதத்தின் அண்ணன் உளுந்தும் கம்பும் கொடுத்தார், கொடுக்கும்போது மதினி அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினாள், அவளும் என்ன செய்வாள், அவளுக்கும் மூன்று வாய். பள்ளிக்கூடம் இருக்கும்வரை பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு அங்கே ஆகிவிட்டது. லீவு விட்டார்கள். ஊரெல்லாம் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தன. அவள் வாசலில் நின்று ஜோயலும் பியூலாவும் வருவதைப் பார்த்து, ஐயோ, வந்துட்டுகளே என்று நினைத்தாள். பெற்ற பிள்ளைகள் வீட்டுக்கு வருவதைப் பார்த்து.

அதற்குப் பிறகுதான் லில்லி அக்காவின் போன். அக்காவுக்குப் பாளையங்கோட்டையில் சொந்த வீடு, அத்தானுக்கு ரயில்வே பென்ஷன், கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம், மடியில் பிள்ளையில்லை. "ஏட்டி, நான் ஒண்ணு கேக்கேன், தப்பா எடுக்காத. ரெண்டுல ஒண்ண எங்கிட்ட விடேன். நான் வளக்கேன்" என்றாள் அக்கா. "பியூலாவ வேணும்னா" என்று வாய் சொல்லிவிட்டது. இங்கேதான் அவளுக்குச் சிக்கும். ஒவ்வொரு தடவையும் இங்கேதான். அக்கா கேட்டு முடிக்கவில்லை, வாய் சொல்லிவிட்டது. ஒரு மூச்சு இழுத்திருக்கலாம். அவர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்க்கா என்றிருக்கலாம். மாட்டேன் என்றிருக்கலாம். எதுவும் இல்லாமல், கடைக்காரன் எது வேணும் என்றதும் விரல் நீட்டுகிறமாதிரி, பியூலா. எப்போது அதை முடிவு பண்ணினாள், எந்த அறையில் உட்கார்ந்து, யாரைக் கேட்டு? காரணம் தேடினால் காரணம் இருக்கத்தான் செய்கிறது. ஜோயலுக்கு வீசிங் உண்டு, ராத்திரி நெஞ்சில் தைலம் தேய்க்க வேண்டும், அவள் கை இல்லாமல் தூங்க மாட்டான். ஜோயல் புது இடத்தில் கத்தி ஊரைக் கூட்டுவான், இரண்டாம் நாளே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பியூலா கத்த மாட்டாள். பியூலா எதையும் கேட்க மாட்டாள். எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருவாள். அப்படியானால் பிள்ளை செய்த தப்பு என்ன, அடங்கி இருந்ததா? கத்துகிற பிள்ளையை வைத்துக்கொண்டு கத்தாத பிள்ளையைக் கொடுக்கிறோம். அதைக் கேட்டுவிட்டு ஆசீர்வாதம், "பொட்டப்பிள்ள எப்பிடியும் ஒருநாள் ஒரு வீட்டுக்குப் போறதுதான" என்றான். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சண்டை போட்டாள். போட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு மூலையில் அப்பாடா என்றும் இருந்தது. அவன் சொல்லிவிட்டான். இனிமேல் அதைச் சொன்னவன் அவன். அந்த அப்பாடாவை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசியது. பக்கத்தில் பிள்ளையின் தோள் தன் கையில் உரசிக்கொண்டு வந்தது, சூடாக, எலும்பாக.

கங்கைகொண்டான் தாண்டியது. தாழையூத்து வந்துவிட்டால் பிறகு ஒன்றுமில்லை, ஊர் வந்த மாதிரிதான். வராமலே இருந்தால் நல்லது. டயர் வெடிக்கலாம். ஆண்டவரே, யாருக்கும் அடிபடாமல் ஒரு டயர் வெடிக்கட்டும். உடனே, வேண்டாம் ஆண்டவரே, என்று திருத்திக்கொண்டாள். தான் கேட்பது அங்கே எப்படிப் போய்ச் சேருகிறது என்பதில் அவளுக்கு முன்போல நிச்சயம் இல்லை. முதல் போனுக்கு மறுநாள் அக்கா மறுபடி போன் பண்ணினாள். முதல்நாள் பேசின அக்கா இல்லை. குரல் உடைந்திருந்தது. "ஒண்ணு மட்டும் சொல்லுதேன். தாரதுன்னா தந்துரு. பரிச்ச முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன், நெலம சரியானதும் கூட்டிட்டுப் போறேன்னு வந்து நிக்காத. நீ பியூலாவ வயித்துல வச்சு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஜோயல நாலு மாசம் வச்சிருந்தேன். நீ வந்து தூக்கிட்டுப் போனபிறகு அவன் பால் குப்பிய நான் எத்தன நாள் கழுவிக் கழுவி வச்சேன்னு உங்க அத்தான்ட்ட கேளு. எனக்கு இன்னொருதரம் அது தாங்காதுட்டி." பிறகு, "பத்தொம்பது வருசம் முழங்கால்ல நின்னிருக்கேன். கர்த்தர் இந்த வழியாத் தாராரு போல. உங்க ஆபீஸ் அடச்சதுகூட அதுக்காத்தானோ என்னமோ, யார் கண்டா?" என்றாள். அக்கா கெட்டவள் இல்லை. அம்மா காய்ச்சலில் போனபோது ஜெபக்கனிக்கு நாலு வயசு, பதினாலு வயசு அக்காதான் இடுப்பில் தூக்கித் திரிந்து, பேன் பார்த்து, ஆளாக்கினாள். அந்த அக்கா சந்தோஷத்தில் சொன்ன வார்த்தை அது. ஆனால் அதை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இவளும்தான் ஜெபித்தாள். ஆபீஸைத் திற ஆண்டவரே என்று. பிள்ளைகளைப் பட்டினி போடாதே ஆண்டவரே என்று. இரண்டு ஜெபமும் ஒரே காதில்தானே விழுந்திருக்கும். அக்காவுக்குக் கொடுப்பதற்கு அவருக்கு வேறு பிள்ளை கிடைக்கவில்லையா? இல்லை, பிள்ளைகளைப் பட்டினி போடாதே என்று கேட்டதற்கு இதுதான் பதிலா, இந்தா, ஒரு வாய் குறைத்துவிட்டேன் என்று? அப்படி நினைத்ததும் பயந்துபோனாள். சன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தாள். சிமெண்ட் ஆலைப் புகைக்கூண்டு தெரிந்தது. தாழையூத்து வந்துவிட்டது.

ஜங்ஷனில் இறங்கி இன்னொரு பஸ். பாலத்தின் மேல் போகும்போது பியூலா எழுந்து நின்று ஆற்றைப் பார்த்தாள். "யம்மா, இவ்வளவு தண்ணியும் எங்கம்மா போவுது?" காலையிலிருந்து அவள் கேட்ட முதல் கேள்வி. "கடலுக்குப் பிள்ள." "அங்க ஏற்கனவே தண்ணி கெடக்கும்லா?" என்றாள். ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுதுவிடுவோம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். இப்போது சொல்லிவிட வேண்டும். பேச்சு வந்திருக்கிறது, இப்போது சொல்லாவிட்டால் வீடு வந்துவிடும். ஏட்டி பியூலா, என்று மனசுக்குள் மூன்றுதரம் கூப்பிட்டாள். வாய் வரவில்லை. அக்கா கேட்டு முடிக்கும் முன்பே பேசின வாய்.

அக்கா தெருவிலேயே நின்றுகொண்டிருந்தாள், வெயிலில், சேலைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு. "வாட்டி. வா பிள்ள. வெயில்ல வாடிப்போய் வந்திருக்கீயளே" என்று பியூலாவின் முகத்தைக் கையில் எடுத்தாள். அத்தான் பையை வாங்கி உள்ளே வைத்தார், அவர் எப்போதுமே பேசுகிறவர் இல்லை. அக்கா பியூலாவுக்கென்று ஒரு அறையை ஒதுக்கி வைத்திருந்தாள். புதுக் கட்டில், பிளாஸ்டிக் உறை கழற்றாத மெத்தை, சன்னலில் பூப்போட்ட திரை, கட்டில்மேல் விரித்துவைத்த இரண்டு கவுன். "உக்காரு பிள்ள, உனக்குத்தான்" என்றாள். பியூலா மெத்தையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அக்கா ஜெபக்கனியைப் பார்த்து, சொல்லிட்டியா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள். ஜெபக்கனி திரையைப் பார்த்தாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் அக்கா கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். "எங்க நல்ல ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இந்தப் பிள்ளைய எங்க வீட்டுக்குத் தந்ததுக்காகக் கோடி ஸ்தோத்திரம்." தந்ததுக்காக என்ற சொல் மேஜைமேல் விழுந்து கிடந்தது. ஜெபக்கனி ஒரு கண்ணைத் திறந்து பிள்ளையைப் பார்த்தாள். பியூலா இரண்டு கண்ணையும் இறுக்கி மூடி, கைகளை நெஞ்சோடு குவித்துக்கொண்டிருந்தாள். "ஆமென்" என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் தன் குரலும் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. சீலா மீன் குழம்பு, அவரைக்காய், ரசம். ஒரே அரிசியில் வடித்த சோறு, பருக்கை பருக்கையாக. பியூலா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். தட்டு காலியானதும் நிமிர்ந்து, "பெரியம்மா, இன்னும் கொஞ்சம் சோறு" என்றாள். அக்கா பூரித்துப்போய் வைத்தாள். அதுவும் போயிற்று. மறுபடி தட்டை நீட்டினாள். இந்தத் தடவை கேட்கக்கூட இல்லை, நீட்டினாள், அவ்வளவுதான். ஜெபக்கனியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. வீட்டில் பியூலா ஒருநாளும் இரண்டாம் சோறு வாங்கினதில்லை. போதும்மா, வயிறு ரொம்பிட்டு, என்பாள். பாதியில் தட்டை ஜோயல் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போவாள். கொறிக்கிற வயிறு, குருவி வயிறு, என்று அவளே பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இந்தப் பிள்ளைக்குப் பசி இல்லை என்று நம்பியிருந்தாள். நம்புவது வசதியாக இருந்தது. அக்கா கேட்டதும் வாய் அவ்வளவு சட்டென்று சொன்னதற்கு நூறு காரணம் தேடினாளே, அங்கே போய்ச் சாப்பிட்டாவது பிழைக்கட்டும் என்று ஒரு காரணம் அதில் இல்லவே இல்லை. பிள்ளைக்கு இவ்வளவு பசி இருந்தது தெரியவே தெரியாது அவளுக்கு. மூன்றாம் சோற்றை ரசத்தில் பிசைந்துகொண்டிருந்த அந்தச் சின்னக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீ என்னட்டி சாப்பிடாம?" என்றாள் அக்கா. "சாப்பிடுதேன்க்கா" என்றாள்.

கை கழுவின பிறகு அக்கா அவளை முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "சொல்லலன்னா விடு. நான் மெல்ல எடுத்துச் சொல்லிக்கிடுதேன். பிள்ள உள்ள இருக்கும்போதே நீ நடையக்கட்டு. அழுதுட்டுன்னா என்னாலயும் பாக்க முடியாது, உன்னாலயும் முடியாது" என்று காதோடு சொன்னாள். சரிதான், அதுதான் நல்லது என்று ஜெபக்கனி வாசலுக்கு வந்து செருப்பில் காலை நுழைத்தாள். ஒரு கால் நுழைந்தது. அப்போது அடுப்படிப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது. அக்கா பதறிக்கொண்டு ஓடினாள். "ஏ பிள்ள, வையி. வையின்னு சொல்லுதேன்லா. நீ ஏன் இதெல்லாம் செய்யுத?" பியூலாவின் குரல் தண்ணிச் சத்தத்துக்கு மேலே தெளிவாகக் கேட்டது. "எனக்கு நல்லாக் கழுவத் தெரியும் பெரியம்மா. வீடு பெருக்கவும் தெரியும். துணியும் தொவைப்பேன், பெரிய போர்வை மட்டும் பிழிய வராது." அக்கா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. "எங்க எதுத்த வீட்டு ராஜி அக்காவயும் இப்பிடித்தான் மெட்ராஸ்ல ஒரு வீட்ல வேலைக்கு விட்டாவ" என்றாள் பிள்ளை. "நல்லாச் செஞ்சா ஏசமாட்டாவளாம். நான் நல்லாச் செய்வேன். இன்னைக்கு நெறையச் சாப்பிட்டுட்டேன், நாளைக்கிருந்து இவ்வளவு கேக்க மாட்டேன்."

ஜெபக்கனி ஒரு கால் செருப்போடு உள்ளே போனாள். அக்கா சுவரில் சாய்ந்து தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பியூலா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தொட்டிக்கு எட்டி நின்று, நுரையும் கையுமாகத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள். கொஞ்ச நாள் என்ற பொய்யை யாரும் சொல்லத் தேவையே இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த அளவில் ஒரு கணக்குப் போட்டு, அதற்குச் சம்மதித்து, பஸ் மாறி பஸ் மாறி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஜெபக்கனி அவள் முன்னால் போய், நுரைக்கையோடு அவளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள், காலையிலிருந்து வராத வார்த்தை இப்போது தாறுமாறாக வந்தது. "நீ வேலைக்கு வரலட்டி. யாரு சொன்னா வேலைக்குன்னு? வேலைக்கா கொண்டாந்து விடுவேன் உன்ன? பெரியம்மாவுக்குப் பிள்ள இல்லல்லா. நீ இங்க மகளா இருக்க வந்திருக்க. மகளா." பியூலாவின் முகம் தெளியவில்லை. நெற்றி சுருங்கியது. ஆற்றுத் தண்ணியைப் பற்றிக் கேட்டபோது சுருங்கின மாதிரியே. "வேலைக்கின்னா கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு விடுவாவம்மா" என்றாள். "ராஜி அக்கா வந்தால்லா. மகளா வந்தா விடுவாவளா?"

குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. ஜெபக்கனி அக்காவைப் பார்த்தாள். அக்கா ஓடுகிற தண்ணியைப் பார்த்தாள். தந்துரு என்று போனில் சொன்ன அக்கா, நாலு மாசம் இன்னொருத்தி பிள்ளையை வைத்திருந்து வெறுங்கையானவள், மாடியில் ஊஞ்சலும் உள்ளே புது மெத்தையும் வாங்கிப் போட்டுவிட்டு வெயிலில் தெருவில் நின்றவள். முன்னறையிலிருந்து அத்தானின் குரல், அன்றைக்கு முதல்தடவையாக, "விடலாம் லில்லி" என்றது. கொஞ்சம் கழித்து மறுபடி, "பிள்ள கேக்குதுல்லா, சொல்லு." அக்கா தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். முகம் ஒரேயடியாக வயசாகிவிட்டிருந்தது. "விடுதேன் பிள்ள" என்றாள். "கிறிஸ்மஸுக்கு நானே கொண்டாந்து விடுதேன்." மறுபடி எப்போது இங்கே கூட்டிக்கொண்டு வருவேன் என்று அவள் சொல்லவில்லை. ஜெபக்கனியும் கேட்கவில்லை. பியூலா, "சரி பெரியம்மா" என்றாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அம்மாவின் கையிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டு, "பஸ் போயிரும்மா, நீ போ" என்றாள். ஜெபக்கனி அவள் உச்சியில் முத்தம் கொடுத்தாள். எண்ணெய் இல்லாத தலை வெயில் வாசம் அடித்தது. அழக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் பிள்ளை அழாதபோது பெற்றவள் எப்படி அழுவது.

தெருவில் இறங்கி நடந்தாள். புடவை முன்பக்கம் இரண்டு சின்னக் கை அளவுக்கு ஈரமாக இருந்தது, வெயிலில் அது சுருங்கிச் சுருங்கிக் காய்ந்துகொண்டு வந்தது, காய வேண்டாம் என்று உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அடுப்படிச் சன்னல் தெருவைப் பார்த்துத்தான் இருந்தது. அக்கா குழாயை மூடவில்லை போலும். "போதும் பிள்ள, இறங்கு" என்று அக்கா சொல்வதும், "இன்னும் ஒரே தட்டுதான் பெரியம்மா" என்று பியூலா சொல்வதும் கேட்டது. பிறகு தட்டும் தண்ணியும் மட்டும் கேட்டன. ஜெபக்கனி மெதுவாக நடந்தாள். மூலை திரும்பினால் கேட்காது என்று தெரிந்து, வெயிலில், இன்னும் மெதுவாக நடந்தாள்.